பொற்றேரும் மண்தேரும்

சிறுவன் அழுகிறான். அவன் கையிலே மண்ணால் செய்த சிறு தேர். அவன் கேட்பதோ பொன்னால் செய்த தேர்! அண்டை வீட்டுச் செல்வரின் பிள்ளை உருட்டி விளையாடிய பொற்றேரைச் சிறிது நேரம் இவனும் உருட்டிப் பார்த்தான். உடையவன் வந்தான், வாங்கிக்கொண்டான், போய்விட்டான். பணிப்பெண் மண்ணைக் குழைத்து ஒரு தேர் செய்து தந்தாள். 'இது வேண்டாம், அது வேண்டும்' என்று விம்முகிறான் பிள்ளை. தந்தை சாருதத்தன் ஒரு காலத்தில் உச்சயினி நகரிலே வாரி வழங்கிய வள்ளல். இப்போது வறுமை வாட்டும் வீட்டுக்கு உடையவன். அவ்வீட்டிற்கு வந்திருந்த வசந்தசேனை பிள்ளையின் கண்ணீரைக் கண்டாள். தன் உடலில் பூண்டிருந்த நகைகளைக் கழற்றினாள்; மண்தேர் நிறையக் கொட்டினாள்; பொற்றேர் செய்துகொள்ளச் சொன்னாள்.

சூத்திரகன் வடமொழியில் யாத்த 'மிருச்சகடிகம்' என்னும் நாடகத்தின் காட்சி இது. பண்டிதமணி கதிரேசச் செட்டியார் 'மண்ணியற் சிறுதேர்' என்று பெயரிட்டுத் தமிழுக்குத் தந்தார். நாடகம் பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்டது. அழுகை மட்டும் இன்றைக்கும் பழையதாகவில்லை. அடுத்த வீட்டில் இருக்கிறது, என் வீட்டில் இல்லை என்று தேம்பும் பிள்ளையை இன்றும் ஒவ்வொரு தெருவிலும் காண்கிறோம். அவனைக் கண்டு உள்ளம் உறுத்தி, தன்னிடமுள்ளதைக் கழற்றிக் கொடுக்கும் நல்லவர்களையும் சில வேளைகளில் காண்கிறோம்.

ஆனால், வசந்தசேனை கொட்டிக் கொடுத்த அந்த நகைகள் பிறகு என்ன ஆயின? நாடகம் தெரிந்தவர்கள் அறிவார்கள். அவளைக் கொன்றதாகச் சாருதத்தன்மீது பொய்ப்பழி வந்தது; வழக்கு மன்றத்திலே அவன் நண்பன் மடியிலிருந்து அந்த நகைகளே உதிர்ந்தன; அவையே சான்றாயின; கொலைக்களத்துக்கு நடந்தான் சாருதத்தன். இறந்ததாகக் கருதப்பட்டவள் உயிரோடு வந்து நின்றதால் அவன் தலை தப்பியது. அதே வேளையில் கொடுங்கோலன் பாலகனும் வீழ்ந்தான், ஆட்சி மாறியது. இரக்கத்தால் கழற்றப்பட்ட நகை ஒரு பிள்ளையின் அழுகையை ஒரு பொழுதுக்கு நிறுத்தியது. அந்த ஊரின் அநீதியை அது நிறுத்தவில்லை. இதை மனத்தில் இருத்திக்கொண்டு, இன்று பல நல்ல குடும்பங்களிலே எழுந்துள்ள ஒரு கேள்வியை ஆராய்வோம்.

அந்தக் கேள்வி இது: நம் பிள்ளைகளுக்கு இவ்வளவு இருக்கிறதே, இதற்காக நாம் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டுமா?

நிறைவு குற்றமா?

கேள்வி வீணாக எழவில்லை. நடுத்தரக் குடும்பத்து வீடொன்றின் கூடத்தைப் பாருங்கள். மூலையிலே பிளாஸ்டிக் கூடை. கூடை நிறைய வண்டிகள், சக்கரம் கழன்றவை பாதி, கழலக் காத்திருப்பவை பாதி. கட்டிலுக்கு அடியிலே கரடிகள். அலமாரியிலே பிரிக்கப்படாத பெட்டிகள். பிறந்த நாளுக்கு வந்தவை, தேர்வில் தேறியதற்கு வந்தவை, ஊசி போட்டுக்கொண்டதற்கு வந்தவை, காரணமே இல்லாமல் வந்தவை! கைப்பேசியிலே விரல் வைத்தால் பத்து நிமிடத்தில் பொருள் வாசலுக்கு வருகிறது. இருபது நிமிடத்தில் பிள்ளைக்குச் சலித்துவிடுகிறது. அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தவனுக்கும் வீட்டிலே பிள்ளை உண்டு. பாத்திரம் துலக்க வரும் அம்மையாரின் மகள் விடுமுறை நாளில் உடன் வருகிறாள், கூடையைப் பார்க்கிறாள், தொடுவதில்லை. தொடாத அந்தக் கை வீட்டுத் தலைவியின் உள்ளத்தைத் தொடுகிறது. உறுத்தல் பிறக்கிறது.

இதற்கு ஒரு சாரார் மறுமொழி வைத்திருக்கிறார்கள்: 'உழைத்துச் சம்பாதித்தேன், என் பிள்ளைக்கு வாங்கினேன், எனக்கென்ன கூச்சம்?' மற்றொரு சாரார் அதற்கு நேர்மாறாக, 'நிறைவே பாவம், நுகர்ச்சியே நோய், பிள்ளையின் கையில் ஒரு மரக்கட்டை போதும்' என்கிறார்கள். இருவரும் உரக்கப் பேசுகிறார்கள். இருவரும் பாதி உண்மையைப் பேசுகிறார்கள்.

நிறைவைப் பாவமென்று தமிழன் எந்நாளும் எண்ணியதில்லை. பட்டினப்பாலையைப் பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்திலே உணங்கும் உணவைக் கொத்த வருகிறது கோழி. அதை விரட்டக் காதில் கிடந்த கனத்த பொற்குழையைக் கழற்றி எறிகிறாள் பெண். எறிந்த குழை கிடக்கிறது. சிறுவன் உருட்டி வரும் மூன்றுகால் சிறுதேரின் வழியை அது தடுக்கிறது. அந்தப் பட்டினத்திலே தேருக்குத் தடை அது ஒன்றுதானாம்! வளத்தைப் பாடும் புலவனுக்குப் பிள்ளையின் விளையாட்டு வண்டி அளவுகோலாக வாய்த்திருக்கிறது. பிள்ளைத்தமிழ் இலக்கணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல், அம்மானை, ஊசல் என்று விளையாட்டையே பருவங்களாக வகுத்த இலக்கியம் அது. கீழடி அகழ்வாய்விலே ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் பகடைகளும் கிடைத்தன. விளையாட்டுப் பொருளை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிய மரபு நமதன்று.

ஆனால், அதே சங்கப் புலமை மற்றொன்றையும் கண்டிருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையிலே செல்வர் வீட்டுப் புதல்வர் உருட்டுகின்ற தேர் ஒன்று வருகிறது. எப்படிப்பட்ட தேர்? தச்சருடைய பிள்ளைகளும் பார்த்து விரும்பும்படி செய்யப்பட்ட தேர்! தேரைப் புகழத்தான் புலவர் அப்படிச் சொன்னார். நமக்கோ அந்த ஒரு சொல்லிலே ஒரு சமுதாயம் தெரிகிறது. செய்தவன் தச்சன், உருட்டுகிறவன் செல்வன் மகன், நின்று பார்த்து ஏங்குகிறவன் தச்சன் மகன். செய்தவன் வீட்டுப் பிள்ளைக்கு ஏன் அந்தத் தேர் இல்லை? இரண்டாயிரம் ஆண்டாக விடை தேடும் வினா இது. நிறைவு குற்றமன்று. அந்த நிறைவு எந்த வழியாக வந்தது, எவருடைய கையைக் காலியாக்கி வந்தது என்பதே ஆராயத்தக்கது.

ஆசையை வார்த்தெடுத்தவர்கள்

பிள்ளையின் ஆசை இயற்கையானது என்பார்கள். ஆசை இயற்கைதான். ஆனால், இன்ன நிறத்தில், இன்ன பெயரில், இன்ன கம்பெனி செய்தது வேண்டும் என்று மூன்று வயதுப் பிள்ளை அடம்பிடிப்பது இயற்கையா? அந்த ஆசை வார்த்தெடுக்கப்பட்டது. வார்த்த ஆண்டும் ஆலையும் வரலாற்றிலே இருக்கின்றன.

1952-ஆம் ஆண்டு அமெரிக்காவிலே உருளைக்கிழங்கில் கண், காது, மூக்குச் செருகி விளையாடும் பொம்மை ஒன்று தொலைக்காட்சியில் விளம்பரமாயிற்று. தொலைக்காட்சியில் விளம்பரமான முதல் விளையாட்டுப் பொருள் அதுதான். அதுவரை பெற்றோரைப் பார்த்துப் பேசிய வணிகன் அன்று முதல் பிள்ளையைப் பார்த்துப் பேசத் தொடங்கினான். முதலில் பெட்டியில் உறுப்புகள் மட்டும் வந்தன. கிழங்கை வீட்டு அடுக்களையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். 1964-இல் கிழங்கையும் பிளாஸ்டிக்கில் வார்த்துக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளை தன் பங்காகச் செய்ய வேண்டியிருந்த சிறு வேலையும் போயிற்று; விலை கொடுப்பது ஒன்றே பாக்கி!

1955-இல் மாட்டல் என்னும் கம்பெனி பிள்ளைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் ஆண்டு முழுவதற்கும் விளம்பர நேரம் வாங்கிற்று. பண்டிகைக் காலத்துப் பொம்மை நாள்தோறும் கேட்கப்படும் பொம்மையாயிற்று. 1959-இல் அதே கம்பெனி நியூயார்க் கண்காட்சியிலே பார்பியைக் கொண்டுவந்து நிறுத்தியது. அந்தப் பொம்மையை ஒருமுறை வாங்கினால் போதாது. அதற்கு உடை வாங்க வேண்டும், உடைக்கேற்ற காலணி வாங்க வேண்டும், வீடு வாங்க வேண்டும், வண்டி வாங்க வேண்டும். பொம்மைக்குக் குடித்தனம் வைத்துக் கொடுத்த தந்தையின் குடித்தனம் எப்படிப் போயிற்று என்று கேட்பார் இல்லை! 1957-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ரொலான் பார்த் தமது நூலிலே எச்சரித்தது இதைத்தான்: ஆயத்தமாக வந்து சேரும் பொருள், பிள்ளையைப் படைப்பவனாக்காமல் உடைமைக்காரனாகவும் பயன்படுத்துபவனாகவும் ஆக்கிவிடுகிறது என்றார்.

தடுக்க முயன்றவர்கள் இல்லாமலில்லை. 1978-இல் அமெரிக்க வணிக ஆணையம் சிறு பிள்ளைகளைக் குறிவைக்கும் தொலைக்காட்சி விளம்பரத்தைக் கட்டுப்படுத்தப் புறப்பட்டது. முதலாளிமார் சீறினர், ஏடுகள் எள்ளி நகையாடின, 1980-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஆணையத்தின் கையையே கட்டிப்போட்டது. 1984-இல் விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்பும் நீங்கிற்று. முதலில் பொம்மை, பிறகு அந்தப் பொம்மையை விற்பதற்காகவே கதை என்ற தலைகீழ் முறை தழைத்தது. 1990-இல் மீண்டும் வரம்பு வந்தபோது ஒரு தலைமுறை வாங்கிப் பழகியிருந்தது.

வேறு வழியில் சென்ற அரசுகளும் உண்டு. கனடாவின் கியூபெக் மாநிலம் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை நோக்கிய வணிக விளம்பரத்தை 1980 முதல் தடுத்தது. பொம்மைக் கம்பெனி ஒன்று வழக்குத் தொடுத்தது. பேச்சுரிமை பறிபோகிறது என்று வாதிட்டது. 1989-இல் கனடாவின் உச்சநீதிமன்றம் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. விளம்பரம் எது, உண்மை எது என்று பிரித்தறியும் பருவம் வாராத பிள்ளையிடம் வணிகன் பேசும் பேச்சுக்கு எல்லை வகுக்கலாம் என்பது அதன் சாரம். சுவீடன் 1991-இல் 12 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைக்கும் தொலைக்காட்சி விளம்பரத்தைத் தடை செய்தது. அந்த நாடுகளிலே பிள்ளைகள் விளையாட்டை மறந்துவிடவில்லை. தந்தையர் உரிமை இழந்துவிடவில்லை.

நம் நாட்டில்? 2022 ஜூனில் ஒன்றிய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விளம்பர நெறிமுறைகளிலே பிள்ளைகளுக்கென ஒரு பகுதி உண்டு. நல்ல தொடக்கம். ஆனால், இன்றைய விளம்பரம் விளம்பரமாக வருவதில்லை. கைப்பேசித் திரையிலே ஒரு பிள்ளை பெட்டியைப் பிரிக்கிறது, வியக்கிறது, கூவுகிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளை கண்கொட்டாமல் பார்க்கிறது. விற்பவன் முகமே தெரிவதில்லை. பிள்ளையைக் காட்டிப் பிள்ளையைப் பிடிக்கிறான். பழக்கிய யானையைக் கொண்டு காட்டு யானையைப் பிடிப்பதைப்போல! இந்த வலையிலே சிக்கி வாங்கிவிட்டு, பிறகு 'நான் பிள்ளையைக் கெடுத்துவிட்டேனே' என்று இரவெல்லாம் உறுத்திக்கொள்கிறாள் தாய். வலை பின்னியவனோ நிம்மதியாக உறங்குகிறான்.

கரடிக்குள் இருந்த கண்ணீர்

ஆசையின் பிறப்பைப் பார்த்தோம்; பொருளின் பிறப்பையும் பார்க்க வேண்டும்.

1993 மே 10. தாய்லாந்து நாட்டில் நக்கோன் பதோம் மாநிலத்திலே கேடர் பொம்மைத் தொழிற்சாலை. பஞ்சடைத்த கரடிகளும், பிளாஸ்டிக் பொம்மைகளும் அமெரிக்கப் பெருங்கம்பெனிகளுக்காக அங்கே செய்யப்பட்டன. மாலை நேரம் தீப்பற்றியது. கட்டடத்தின் எஃகுத் தூண்களுக்குத் தீக்காப்புப் பூச்சு இல்லை; சிறிது நேரத்தில் நான்கு மாடிக் கட்டடம் சரிந்தது. வெளியேறும் கதவுகளிலே பூட்டு! பொம்மைகளைத் திருடிச் சென்றுவிடுவார்களோ என்ற அச்சத்தால் பூட்டினார்கள் என்று அந்நாளில் செய்திகள் கூறின. மாடிச் சன்னல்களிலிருந்து குதித்தார்கள் பெண்கள். 188 பேர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். மாண்டவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். நாட்டுப்புறத்து ஏழைக் குடும்பங்களைக் காக்க வந்தவர்கள். அவர்கள் தைத்த கரடியை அணைத்துக்கொண்டு எந்த நாட்டிலோ ஒரு பிள்ளை அன்றிரவு உறங்கியிருக்கும்.

உலகம் துயருற்றது என்றார்கள். துயரம் பாடமாகவில்லை. அதே ஆண்டு நவம்பர் 19. சீனாவின் சென்சென் நகரில் சிலி பொம்மைத் தொழிற்சாலையில் தீ. அங்கும் சன்னல்களுக்குக் கம்பி. அங்கும் கதவுகளுக்குப் பூட்டு. 87 பேர் மாண்டனர். 2007-இல் சீனாவில் செய்யப்பட்ட பொம்மைகளின் வண்ணத்தில் ஈயம் கலந்திருப்பது தெரிந்து இலட்சக்கணக்கில் அவை திரும்பப் பெறப்பட்டபோது மேலைநாட்டுப் பெற்றோர் நடுங்கினார்கள். நடுக்கம் நியாயமானது. வாயில் வைத்துச் சுவைத்த பிள்ளைக்கு நஞ்சு! ஆனால், அந்த வண்ணத்தை நாள்தோறும் பூசிய தொழிலாளியின் மூச்சைப் பற்றி எத்தனை பேர் கேட்டார்கள்?

தொலைவிலேதான் இந்தக் கொடுமை என்று நாம் தேறுதல் கொள்ள வேண்டாம். தீபாவளி நாளிலே நம் பிள்ளைகள் கையில் பிடிக்கும் மத்தாப்பும் விளையாட்டுப் பொருள்தானே! ஓரிரவில் எரிந்து முடியும் விளையாட்டுப் பொருள். அதைச் செய்யும் சிவகாசி வட்டாரத்திலே பிள்ளைகளே தொழிலாளராக உழைத்த காலம் ஒன்று இருந்தது. 1986-இல் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கிலே கடுமையான தீர்ப்பை அளித்தது. ஒரு பிள்ளையின் விளையாட்டு மற்றொரு பிள்ளையின் வேலையாக இருந்ததைச் சட்டமும் வழக்கும் போராட்டமும் சேர்ந்துதான் பெருமளவு தகர்த்தன. ஆயினும் வெடி ஆலை விபத்துகள் நின்றபாடில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் ஏறத்தாழ 40 உயிர்கள் கருகியதை மறந்துவிட முடியுமா?

பனங்காய் வண்டிப் பெருமை

இதையெல்லாம் கேட்டதும் சிலர் பெருமூச்சு விடுவர். 'அந்தக் காலத்திலே நுங்கு வண்டி உருட்டினோம், கிட்டிப்புள் ஆடினோம், பனை ஓலைக் காற்றாடி பிடித்து ஓடினோம், என்ன குறைந்துவிட்டது?' என்பர். நுங்கு வண்டி அருமையான பொருள்தான். கவைக் கோலும் குடைந்த நுங்குக் கூந்தலும் கொண்டு வண்டி செய்த சிறுவன் தச்சனும் ஓட்டுநனும் தானேயாக இருந்தான். பல்லாங்குழியிலே எண்ணும், பம்பரத்திலே விசையும், தட்டாங்கல்லிலே கையின் நுட்பமும் பயின்ற தலைமுறைகள் நம்முடையவை. மறுக்கவில்லை.

ஆனால், நினைவிலே இனிப்பது வேறு; வாழ்விலே விதிக்கப்பட்டது வேறு. நுங்கு வண்டியை உருட்டிய பண்ணையார் மகனுக்கு அது விளையாட்டு. மாலையானால் வீட்டிலே தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் மரப்பாச்சியும் செப்புச் சாமானும் காத்திருக்கும். பண்ணையில் மாடு மேய்த்த சிறுவனுக்கோ அந்த வண்டியைத் தவிர வேறில்லை. அதையும் உருட்ட நேரமில்லை. இருவரையும் ஒரே வரியில் எழுதி 'அந்தக் காலத்தில் எல்லோரும் மகிழ்ந்திருந்தோம்' என்பது வரலாறாகாது. எளிமை என்பது இருப்பவன் தேர்ந்துகொள்ளும்போது பண்பு. இல்லாதவன் தலையில் சுமத்தும்போது தண்டனை. இரண்டு வேளைச் சோறு பெற்ற குடும்பம் முதல்முறையாகப் பிள்ளைக்கு ஒரு மூன்று சக்கர வண்டி வாங்குகிறது. அதைப் பார்த்து 'நுகர்ச்சி வெறி' என்று முகம் சுளிப்பவர்களிடம் கேட்கிறோம்: உங்கள் பிள்ளைக்கு வாங்கிய நாளில் இந்தத் தத்துவம் எங்கே போயிருந்தது?

'ஏழைக்குப் பிள்ளை வயிறு நிறையட்டும் முதலில், பொம்மை எதற்கு?' என்பவர்களும் உண்டு. உணவு முதலில் என்பது சரி. உணவு மட்டும் போதும் என்பது தவறு. 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமை என்கிறது. 1992-இல் இந்தியா அதில் இணைந்தது. ஆக, சோற்றைப் போலவே விளையாட்டும் பிள்ளைக்குரிய பங்கு. பங்கு என்று ஆனபின் அதைப் பிச்சையாகப் போடவும் கூடாது. பிச்சையாகக் கேட்க வைக்கவும் கூடாது.

உறுத்தலை என்ன செய்வது?

இனி, தொடங்கிய கேள்விக்கு வருவோம். நிறைவு பெற்றவன் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டுமா?

உறுத்தல் வருவது நல்ல அறிகுறி. வராதவனைப் பற்றித்தான் அஞ்ச வேண்டும். ஆனால், உறுத்தல் காய்ச்சலைப் போன்றது. நோய் இருக்கிறது என்று சொல்லும், நோயைத் தீர்க்காது. காய்ச்சலையே மருந்தாக எண்ணிப் போர்த்திப் படுத்துக்கொள்பவன் பிழைப்பதில்லை. குற்றவுணர்ச்சியோடு நின்றுவிடுகிற செல்வர் என்ன செய்கிறார்? சக்கரமில்லாத வண்டி, கண்ணில்லாத பொம்மை, காய் குறைந்த சதுரங்கப் பெட்டி, இவற்றையெல்லாம் மூட்டை கட்டுகிறார், ஆதரவற்றோர் இல்லத்துக்கு எடுத்துச் செல்கிறார், பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறார், படம் எடுக்கிறார், திரும்பும் வழியில் புதிய பொம்மை வாங்குகிறார். உறுத்தல் இறங்கிவிட்டது, கூடத்து மூலையும் காலியாகிவிட்டது! வாங்கிய பிள்ளையின் உள்ளத்திலே என்ன ஏறிற்று என்று கேட்டாரா? உடைந்தது உனக்கு என்ற பாடம் ஏறியது. கொடுப்பதைக் குறை கூறவில்லை. நல்ல நிலையில் உள்ளதை, உடன் அமர்ந்து விளையாடக் கொடுப்பவர் உண்டு, அவரை வணங்குகிறோம். குப்பையைக் கொடையென்று பெயர் மாற்றுவதைத்தான் கண்டிக்கிறோம்.

அதைவிடக் கொடிது, அந்த உறுத்தலைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது. 'எத்தனை பிள்ளைகள் பொம்மையில்லாமல் இருக்கிறார்கள் தெரியுமா, நீ மட்டும் இப்படி' என்று ஐந்து வயதுப் பிள்ளையை அதட்டுகிறோம். பொம்மையை அவன் கேட்டான். கேட்க வைத்தவன் ஒருவன். வாங்கித் தந்தவர் நாம். குற்றவாளி மட்டும் அவனா? பிள்ளைக்குக் கூச்சத்தைக் கற்பிக்க வேண்டாம், நியாயத்தைக் கற்பிக்கலாம். இது எங்கே செய்யப்பட்டது, யார் செய்தார், உடைந்தால் எப்படிச் செப்பனிடுவது, அடுத்த வீட்டுப் பிள்ளையோடு எப்படிப் பங்கிட்டு ஆடுவது என்று சொல்லித் தருவோம். பாத்திரம் துலக்க வருபவரின் மகள் அந்தக் கூடையைத் தொடாமல் நிற்க நேராதபடி, அவளை விளையாட அழைப்பதை நம் பிள்ளை இயல்பாகச் செய்யட்டும். அவளுடைய தாய்க்கு நியாயமான ஊதியமும் வார விடுமுறையும் தருவது பெரியவர்களின் வேலை. அதைச் செய்யாமல் பழைய பொம்மையைக் கொடுத்துக் கணக்கைத் தீர்க்க முடியாது.

அளவுக்கு மிஞ்சிய நிறைவு, பெற்ற பிள்ளைக்கும் நன்மையாக இல்லை என்பதையும் ஆராய்ச்சி காட்டுகிறது. 2018-இல் வெளியான அமெரிக்கத் தொலேடோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, நடைபழகிய 36 குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் மறுமுறை 16 பொம்மைகளோடும் விளையாடவிட்டுக் கவனித்தது. நான்கு இருந்தபோது ஒவ்வொன்றோடும் நெடுநேரம், பல வகையாக ஆடினர். பதினாறு இருந்தபோது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினர். சிறிய ஆய்வுதான், ஆனால், நம் வீட்டுக் கூடமே அதற்குச் சாட்சி கூறும். ஒரு வீட்டிலே மிகுந்து சலிப்பாகக் கிடப்பது மற்றொரு வீட்டிலே இல்லாமல் ஏக்கமாக நிற்கிறது. பங்கீட்டுப் பிழை இரு பிள்ளைகளையும் கெடுக்கிறது.

செய்ய வேண்டியவை

1935-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலம். லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்திலே சிறுவர்கள் கடையொன்றில் சிறு பொருள்களைத் திருடினார்கள். விசாரித்தபோது, விளையாட்டுப் பொருள் செய்துகொள்வதற்காகத் திருடினார்கள் என்று தெரிந்ததாகக் கூறுவர். அவர்களைத் தண்டித்து விட்டுவிட அந்த ஊர் எண்ணவில்லை. நூலகத்தில் நூல் எடுப்பதைப்போலப் பிள்ளைகள் பொம்மை எடுத்துச் சென்று ஆடிவிட்டுத் திருப்பித் தரும் நிலையம் தொடங்கிற்று. குற்றவுணர்ச்சிக்கும் பொறுப்புணர்ச்சிக்கும் உள்ள வேறுபாடு அந்தச் செயலிலே விளங்குகிறது.

நம்மால் முடியாதா? ஊர்தோறும் நூலகம் கண்ட நாடு நம் தமிழ்நாடு. அங்கே பிள்ளைகளுக்கு ஒரு பொம்மை அலமாரி வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? 1975 முதல் இயங்கும் அங்கன்வாடிகளிலே உடையாத, நஞ்சில்லாத, நல்ல விளையாட்டுப் பொருள் ஒவ்வொரு பிள்ளைக்கும் எட்டும்படி இருக்க வேண்டும். அவற்றைத் தஞ்சையிலும் அம்பாசமுத்திரத்திலும் மரமும் மண்ணும் காகிதக் கூழும் கொண்டு பொம்மை செய்யும் கைவினைஞரிடமிருந்து நேராக வாங்கலாம். 2008-இல் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு சுவரில் தொங்குகிறது. கைவினைஞரின் அடுப்புக்கு ஆண்டு முழுவதும் விறகு வேண்டுமே!

ஒன்றிய அரசு 2020-இல் அயல்நாட்டுப் பொம்மைகளின் சுங்கவரியை 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தியது. 2021 சனவரி முதல் தரச்சான்று கட்டாயமாயிற்று. கைவினைஞருக்கு விலக்கும் அளிக்கப்பட்டது. பிள்ளையின் உடலைக் காக்கும் தரவிதியை வரவேற்கிறோம். ஆனால், சுவர் எழுப்பினால் மட்டும் உள்ளே நியாயம் விளைந்துவிடாது. உள்நாட்டுத் தொழிற்சாலையின் கதவும் பூட்டப்படாமல் இருக்க வேண்டும். அங்கே தைக்கும் பெண்ணுக்கும் சங்கம் வேண்டும், ஊதியம் வேண்டும், தீயணைப்பு வழி வேண்டும். பொம்மையில் முத்திரை பார்க்கும் அதிகாரி, பொம்மை செய்யும் கூடத்தையும் பார்க்கட்டும். 'மக்கள் குறைவாக வாங்கினால் தொழிலாளிக்கு வேலை போய்விடுமே' என்று முதலாளிமார் கண்ணீர் வடிப்பர். பத்து நாளில் உடையும் பத்துப் பொருளைவிடப் பத்து ஆண்டு உழைக்கும் ஒரு பொருளைச் செய்யவும், செப்பனிடவும் கைகள் வேண்டும். அந்தக் கைகளுக்கு நல்ல கூலியும் தர முடியும். வேலையைக் காப்பது அவர்கள் நோக்கமானால் வழி இருக்கிறது.

பிள்ளைகளைக் குறிவைக்கும் விளம்பரத்துக்கு, கைப்பேசித் திரையில் வேடமிட்டு வரும் விளம்பரத்துக்கும் சேர்த்து, சட்டத்தால் எல்லை வகுக்க வேண்டும். கியூபெக் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்வதை நாம் செய்வதற்குத் துணிவு ஒன்றே தேவை. நகரங்களிலே விளையாட்டுத் திடலை விழுங்கிக் கடைகள் எழுகின்றன. திடலில் ஓட இடமில்லாத பிள்ளைதான் கூடத்தில் கூடை கூடையாகப் பொம்மை கேட்கிறது. திடல் ஏழைப் பிள்ளையும் செல்வர் பிள்ளையும் கணக்குப் பாராமல் கலந்து ஆடும் இடம். அதைக் காப்பது ஊராட்சியின் கடமை, நகராட்சியின் கடமை, வாக்களிக்கும் நம் அனைவரின் கடமை.

நிறைவு பெற்றவர்களே! உங்கள் பிள்ளையின் கையிலிருக்கும் பொம்மையைப் பிடுங்கச் சொல்லவில்லை. அதைப் பார்த்து நீங்கள் அழவும் வேண்டாம். உறுத்தல் வந்த இடத்திலிருந்து எழுந்து வாருங்கள். தரும் ஊதியத்தைச் சரிபாருங்கள். செலுத்த வேண்டிய வரியைச் செலுத்துங்கள். உங்கள் தெருத் திடலுக்காகக் குரல் கொடுங்கள். வாங்கும் பொருளைச் செய்தவர் யாரென்று கேளுங்கள். எந்தத் தச்சனின் மகனும் தன் தந்தை செய்த தேரை எட்டி நின்று ஏக்கத்தோடு பார்க்காத நாளே நாம் உண்மையில் நிறைவு பெற்ற நாள். அந்த நாளைக் கொண்டுவர அழுகை உதவாது. ஒன்றுபட்ட முயற்சி உதவும்.